வளைந்து நெளியும் புரதத்தின் வடிவத்தை எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படங்களிலிருந்து எப்படிக் கணிக்கிறார்கள்?

பாளையங்கோட்டையில் உயிர்வேதியியல் படிக்கும் மாணவி ஒருவர், சராசரி எடுக்கும்போது புரதத்தின் அசையும் பகுதி மட்டும் ஏன் மங்கிவிடுகிறது என்று கேட்டிருக்கிறார்.

ராதாபுரம் பக்கம் ஆடிக்காற்றில் நிற்கும் பனையை நூறு முறை படமெடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால், அடிமரம் தெளிவாகவும் ஓலைகள் வெறும் புகையாகவும் தெரியும். உறைகுளிர் நுண்ணோக்கியிலும் (மூலக்கூறுகளை உறையவைத்து எலக்ட்ரான் கற்றையால் படமெடுக்கும், 2017இல் வேதியியல் நோபல் பெற்றுத்தந்த முறை) இதுவே நடக்கிறது. எலக்ட்ரான் கற்றை புரதத்தைச் சிதைக்கும் என்பதால் அதைக் குறைவாகவே செலுத்துகிறார்கள். அதனால் ஒவ்வொரு படமும் இரைச்சலில் (தற்செயலான புள்ளிக் குழப்பத்தில்) மூழ்கிவிட, பல லட்சம் மூலக்கூறுகளின் படங்களைச் சேர்த்துத்தான் வடிவத்தை மீட்க வேண்டியிருக்கிறது.

படங்களைச் சில வகுப்புகளாகப் பிரிப்பது பழைய வழி. அது திறந்த நிலை, மூடிய நிலை என்று தனித்தனியே நிற்கும் வடிவங்களுக்குப் பொருந்தும். தொடர்ச்சியான அசைவுக்குப் போதாது. கிரையோடிராகன் போன்ற, தரவுகளிலிருந்து தாமே கற்கும் நரம்புவலை மென்பொருள்கள் ஒவ்வொரு படத்துக்கும் சில எண்களை ஒதுக்கி, அவ்வெண்கள் மாறும்போது முப்பரிமாண அடர்த்தி (மூலக்கூறு இடத்தை நிரப்பும் வடிவம்) எவ்வாறு உருமாறுகிறது என்பதைக் கற்றுக்கொள்கின்றன.

அதிலிருந்து கிடைக்கும் அசைபடத்தை அப்படியே நம்பிவிடக் கூடாது என்பது என் கருத்து. உறைந்த மூலக்கூறுகளின் வரிசை காலவரிசை அன்று. இரைச்சலும் சில வேளை அசைவுபோல் வேடமிடும் என்பதால், படங்களை இரு பாதியாகப் பிரித்துத் தனித்தனியே கணித்து, இரண்டிலும் அதே அசைவு தோன்றுகிறதா என்று பார்ப்பது நல்லது.