வைக்கோலையும் கரும்புச் சக்கையையும் பாக்டீரியாவால் வேதிப்பொருளாக மாற்ற முடியும் என்றால், ஏன் இன்னும் அது பரவலாக நடக்கவில்லை?

பாக்டீரியாவின் மேல் பழி போடாதீர்கள். அது தன் வேலையை ஒழுங்காகவே செய்கிறது. முதல் உலகப் போரில் பிரிட்டனின் வெடிமருந்துக்குத் தேவைப்பட்ட அசிட்டோன் என்னும் கரைப்பானை, வேதியியலாளர் கெய்ம் வைஸ்மன் கண்டறிந்த பாக்டீரியா மக்காச்சோள மாவிலிருந்து தயாரித்துத் தந்தது. தானியத் தட்டுப்பாடு வந்த 1917-இல், பள்ளிப் பிள்ளைகளைக் கொண்டு மரக்கொட்டைகளைப் பொறுக்கிவரச் செய்து, அதையும் நொதிக்க வைத்துப் பார்த்தார்கள்.

ஆனால் மாவில் இருப்பது எளிதில் உடையும் மாச்சத்து. வைக்கோலில் சர்க்கரை செல்லுலோஸாகவும் ஹெமிசெல்லுலோஸாகவும் இறுகி, லிக்னின் என்னும் பசைக்குள் புதைந்து கிடக்கிறது. அதை வெளியே எடுப்பதுதான் பெரும்பாடு.

ஆய்வு மாணவனாக நான் முதலில் தோற்றது அங்கேதான். கோதுமை வைக்கோலை நீர்த்த அமிலத்தில் வேகவைத்தேன். பழுப்பு நிறத்தில், பாதாம் வாசனையோடு ஒரு சாறு கிடைத்தது. சர்க்கரை நிறையவே இருந்தது. பாக்டீரியாவை விட்டேன்; மூன்று நாளாகியும் குடுவை கலங்கவே இல்லை, அதாவது பாக்டீரியா வளரவே இல்லை. நான் ரசித்த அந்த வாசனை ஃபர்ஃப்யூரலுடையது. சூடு மிகும்போது சர்க்கரையே சிதைந்து அந்த நஞ்சாகிறது. பிறகு சுண்ணாம்பு சேர்த்து, வண்டலை வடிகட்டிவிட்டு மறுபடி விட்டேன். மறுநாள் காலை குடுவை கலங்கியிருந்ததைப் பார்த்தபோது வந்த மகிழ்ச்சி இன்னும் நினைவிருக்கிறது.

அடுத்த சிக்கல் தண்ணீர். எரிபொருளாகப் பயன்படும் பியூட்டனால் என்னும் ஆல்கஹால் சுமார் 2 சதவீதத்தை எட்டுவதற்குள் அதை உண்டாக்கும் பாக்டீரியாவே மடிந்துவிடும். மீதியெல்லாம் தண்ணீர். அதைக் காய்ச்சிப் பிரிக்கும் செலவில் லாபம் கரைந்துபோகிறது. பெட்ரோலியத்திலிருந்து வரும் அதே பொருளுக்கு இந்தத் தொல்லை இல்லை.

அதனால் எரிபொருளை விட, விலை கூடிய அமிலங்களே இதற்குப் பொருத்தம் என்று நினைக்கிறேன். மட்கும் பிளாஸ்டிக்குக்கு லாக்டிக் அமிலம் ஒன்று. மாட்டின் முதல் இரைப்பையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட ஆக்டினோபேசில்லஸ் என்னும் பாக்டீரியா தரும் சக்சினிக் அமிலம் இன்னொன்று. அந்தப் பாக்டீரியா கரியமில வாயுவையும் உள்வாங்கிக்கொள்வதால் எனக்கு அதன்மேல் தனிப் பிரியம்.

உண்மையில் நான் ஆவலோடு கவனிப்பது லிக்னினை. சர்க்கரையை எடுத்தபின் அதைப் பெரும்பாலும் கொதிகலனில் எரித்துவிடுகிறார்கள். மரபணு மாற்றிய சூடோமோனாஸ் புட்டிடா என்னும் பாக்டீரியா, லிக்னின் துண்டுகளைத் தின்று மியூகோனிக் அமிலமாக்குகிறது. அதிலிருந்து அடிப்பிக் அமிலம், அதிலிருந்து நைலான். இந்தத் துறைக்கு வர நினைக்கிறீர்கள் என்றால் அங்கிருந்து தொடங்குங்கள்.