ஐரோப்பிய சூப்பர் லீக்கை ரசிகர்கள் ஏன் அவ்வளவு எதிர்த்தார்கள்?

பணம் மட்டும் காரணமில்லை. கால்பந்தில் பணம் ஏற்கெனவே கொட்டிக் கிடக்கிறது. 2021 ஏப்ரல் 18 அன்று ரியல் மாட்ரிட், பார்சிலோனா, லிவர்பூல் உட்பட 12 கிளப்புகள் அறிவித்த இந்தப் புதிய லீக்கில் மொத்தம் 20 அணிகள். அதில் 15 இடங்கள் நிரந்தரம். அந்த அணிகள் எவ்வளவு மோசமாக ஆடினாலும் சரி, வெளியே போக வேண்டியதில்லை!

2014-இல்தான் இங்கிலாந்தின் முதல்நிலை லீக்கான பிரீமியர் லீக்குக்கு ஏறிவந்த லெஸ்டர் சிட்டி, 2016-இல் சாம்பியன் ஆகி ஐரோப்பியப் போட்டிக்கும் போனது. சின்ன ஊர் அணிக்கும் திறந்திருந்த அந்தக் கதவைச் சாத்தப் பார்த்ததைத்தான் ரசிகர்களால் பொறுக்க முடியவில்லை. என்னாலும்தான்.

செல்சி ரசிகர்களே தங்கள் மைதானத்துக்கு வெளியே திரண்டு தங்கள் அணியின் பேருந்தை மறித்தார்கள். ஏப்ரல் 20 இரவுக்குள் அந்த 12-இல் இருந்த இங்கிலாந்தின் 6 கிளப்புகளும் பின்வாங்கின. அப்புறம், ஜெர்மன் கிளப்புகளான பயர்ன் மியூனிக், டார்ட்மண்ட் இரண்டும் சேரவே இல்லை. ஜெர்மனியின் 50+1 விதிப்படி அங்கே பெரும்பான்மை வாக்கு கிளப் உறுப்பினர்களிடம், அதாவது ரசிகர்களிடம், இருக்கிறது.