கசான் ஏன் தனி நாடாகவில்லை? – கடிதமும் பதிலும்

வணக்கம் ஐயா,

என் மகன் கசானில் மருத்துவம் படிக்கிறான். எங்கள் தெருவிலேயே இன்னொரு வீட்டுப் பெண் அல்மாட்டியில் படிக்கிறாள். இரண்டு ஊர்களிலும் உள்ளூர்க்காரர்கள் துருக்கிய மொழி பேசும் முஸ்லிம்கள் என்கிறார்கள். இரண்டுமே பழைய சோவியத் யூனியன்தான். ஆனால் இவனுக்கு ரஷ்ய விசா, அவளுக்கு கஜகஸ்தான் விசா. உடைந்தது என்றால் எல்லாம்தானே உடைந்திருக்க வேண்டும்? 15 நாடுகள் என்ற கணக்கை யார் போட்டது? சோவியத் அரசியல் சட்டத்திலேயே பிரிந்துபோகும் உரிமை இருந்தது என்று என் அப்பா சொல்வார். அவர் பழைய கட்சிக்காரர். அது நிஜமா, பேச்சுக்குச் சொன்னதா?

பெயர் வேண்டாம்,
ஒரு வாசகி, திண்டுக்கல்

அன்புள்ள வாசகிக்கு,

அப்பா சொன்னது சரிதான். 1924, 1936, 1977 என்று மூன்று சோவியத் அரசியல் சட்டங்களிலும் அந்த உரிமை இருந்தது. கடைசிச் சட்டத்தில் அது 72ஆவது பிரிவு, ஒரே ஒரு வாக்கியம். எப்படிப் பிரிவது, யார் வாக்களிப்பது, சொத்தையும் கடனையும் எப்படிப் பங்கு போடுவது என்றெல்லாம் சொல்லும் சட்டம் 1990 ஏப்ரல் வரை எழுதப்படவே இல்லை. எழுத வேண்டிய தேவை வரும் என்று யாரும் நினைக்கவில்லை.

ஆனால் அந்த வாக்கியம் யூனியன் குடியரசுகளுக்கு, அதாவது சோவியத் யூனியனின் நேரடி உறுப்பினர்களுக்கு, மட்டும்தான் பொருந்தும். கசானைத் தலைநகராகக் கொண்ட தத்தார் குடியரசு அதற்கு ஒரு படி கீழே, ரஷ்யக் குடியரசுக்குள் இருந்த சுயாட்சிக் குடியரசு. அதற்கும் கீழே சுயாட்சிப் பிராந்தியங்கள், சுயாட்சி வட்டாரங்கள் என்று ஏணி இறங்கிக்கொண்டே போகும். 1991இல் மேல்படியில் இருந்தவர்கள் நாடானார்கள், மற்றவர்கள் ஆகவில்லை. சுருக்கமான பதில் இவ்வளவுதான். யாரை எந்தப் படியில் எதற்காக உட்காரவைத்தார்கள் என்பதுதான் விஷயம்.

கஜகஸ்தானும் தத்தார்ஸ்தானும் ஒரே இடத்தில்தான் தொடங்கின. இரண்டுமே 1920இல், மூன்று மாத இடைவெளியில், ரஷ்யக் குடியரசுக்குள் சுயாட்சிக் குடியரசுகளாக உருவாக்கப்பட்டவை. (கஜகஸ்தானின் முதல் தலைநகரம் ஓரன்பர்க். 1925இல் அதை ரஷ்யாவோடு சேர்த்துவிட்டார்கள், இன்றும் அது ரஷ்ய நகரம்.) 16 ஆண்டுகள் இரண்டுக்கும் ஒரே அந்தஸ்து. 1936 கடைசியில் புதிய அரசியல் சட்டம் வந்தபோது கஜகஸ்தானும் கிர்கிஸ்தானும் யூனியன் குடியரசுகளாக உயர்த்தப்பட்டன. தத்தார்கள் இருந்த இடத்திலேயே இருந்தார்கள்.

ஏன் என்று ஸ்டாலினே அந்த நவம்பர் மாதம் பேசிய உரையில் விளக்கியிருக்கிறார். யூனியன் குடியரசாக மூன்று தகுதிகள் வேண்டும் என்றார். எல்லைப்புறத்தில் இருக்க வேண்டும். குடியரசுக்குப் பெயர் தந்த இனம் அங்கே ஓரளவு நெருக்கமான பெரும்பான்மையாக இருக்க வேண்டும். மக்கள்தொகை 10 லட்சத்துக்குக் குறையக் கூடாது. முதல் தகுதிக்கு அவர் சொன்ன காரணம் வினோதமானது. யூனியன் குடியரசுக்குப் பிரியும் உரிமை உண்டு, நாலாபக்கமும் சோவியத் மண் சூழ்ந்திருந்தால் பிரிந்து எங்கே போவது? எனவே தத்தார்களுக்கும் அவர்களின் அண்டை இனமான பஷ்கீர்களுக்கும் அந்த அந்தஸ்து பொருந்தாது. பண்பாட்டிலும் பொருளாதாரத்திலும் கஜகஸ்தானைவிடத் தத்தார்கள் முன்னேறியவர்கள் என்பதையும் அதே உரையில் ஒப்புக்கொள்கிறார். பிரியும் உரிமையை நீக்கிவிடலாம் என்று வந்த யோசனையையும் மறுக்கிறார். உண்மையில் பிரிவதைப் பற்றிப் பேசியவர்கள் தேசியவாதிகள் என்ற குற்றச்சாட்டில் சிறைக்கும் சுடுதளத்துக்கும் போன காலம் அது. இருந்தும் அந்த உரிமையை யாருக்குக் கொடுப்பது என்று வரைபடத்தை விரித்து வைத்து அளந்திருக்கிறார்கள்!

அந்த மூன்று தகுதிகளையும் அவர்களே மதிக்கவில்லை. 1930 முதல் 1933 வரையிலான பஞ்சத்தில் கஜகஸ்தானில் 10 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பெரும்பாலோர் கஜக்குகள். அப்புறம் ரஷ்யர்களும் உக்ரைனியர்களும், நாடுகடத்தப்பட்ட ஜெர்மானியர்களும் செச்சென்களும் வந்து குவிந்தார்கள். 1959 கணக்கெடுப்பில் கஜக்குகள் தங்கள் குடியரசிலேயே சுமார் 30 சதவீதம்தான். ஆனாலும் அந்தஸ்து இறங்கவில்லை.

அந்தஸ்து இறங்கியவர்களும் உண்டு. பின்லாந்துடன் நடந்த போருக்குப் பிறகு 1940இல் கரேலோ-பின்னிஷ் குடியரசு என்று ஒன்றை உருவாக்கினார்கள். அதில் கரேலியர்களும் பின்னியர்களும் சேர்ந்தாலும் சிறுபான்மை, மக்கள்தொகையும் 10 லட்சம் கிடையாது. அதே ஆண்டு மூன்று பால்டிக் நாடுகளும் மால்டோவாவும் விழுங்கப்பட்டன. ஆக 16. 1956இல் கரேலியாவை மறுபடி சுயாட்சிக் குடியரசாக்கி ரஷ்யாவுக்குள் வைத்தார்கள், 15 ஆனது. மாஸ்கோ கண்காட்சி வளாகத்தில் 1954இல் திறந்த ‘மக்கள் நட்புறவு’ நீரூற்றில் தங்க முலாம் பூசிய 16 பெண் சிலைகள் இன்னும் நிற்கின்றன. உங்கள் மகன் மாஸ்கோ வழியாகப் போனால் எண்ணிப் பார்க்கலாம்.

அப்காசியாவின் கதை இன்னும் கசப்பானது. 1921இல் சோவியத் குடியரசாகத் தொடங்கி, 1931இல் ஜார்ஜியாவுக்குள் சுயாட்சிக் குடியரசாகச் சுருக்கப்பட்டது. 1992இல் அங்கே போர் வெடித்தது.

சரி, படி ஒன்று கூடினால் அப்படி என்ன கிடைத்துவிடும்? நிஜ அதிகாரம் எல்லோருக்குமே மாஸ்கோவில்தான். ஆனால் யூனியன் குடியரசு என்றால் கம்யூனிஸ்ட் கட்சிக்குத் தனி மத்தியக் குழு, தனி அறிவியல் கழகம், வேலை அதிகமில்லாவிட்டாலும் ஒரு வெளியுறவு அமைச்சகம், கொடி, கீதம். சோவியத் நாடாளுமன்றத்தின் தேசிய இனங்களின் அவையில் யூனியன் குடியரசுக்கு 32 உறுப்பினர்கள், சுயாட்சிக் குடியரசுக்கு 11. ஐம்பது ஆண்டுகள் இப்படி ஓடினால் ஒரு நாட்டை நடத்தத் தெரிந்த அதிகாரிகளும் பேராசிரியர்களும் தலைமுறை தலைமுறையாக உருவாகிவிடுவார்கள். 1986 டிசம்பரில் கஜகஸ்தான் கட்சித் தலைவர் குனாயெவை நீக்கிவிட்டு வெளியிலிருந்து கோல்பின் என்ற ரஷ்யரைக் கொண்டுவந்தபோது, அல்மாட்டி இளைஞர்கள் தெருவில் இறங்கி அடிவாங்கினார்கள். ‘எங்கள் குடியரசு’ என்ற எண்ணம் அதற்குள் ஊறிப்போயிருந்தது. அதனால் இவை ஸ்டாலின் கத்தரித்த செயற்கை நாடுகள் என்று எழுதுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. இந்தப் பதினைந்தும்தான் உண்மையான தேசங்கள், மற்றவை வெறும் மாவட்டங்கள் என்பவர்களோடு அதைவிடவும் இல்லை.

1991இல் நடந்ததைப் பாருங்கள். மார்ச் மாத வாக்கெடுப்பில் கஜகஸ்தானில் 90 சதவீதத்துக்கு மேல் யூனியன் நீடிக்க வேண்டும் என்று வாக்களித்தார்கள். கஜகஸ்தான் தலைவர் நசர்பாயெவ் யூனியனைக் காக்கும் புதிய ஒப்பந்தத்துக்காகக் கடைசிவரை அலைந்தார். டிசம்பர் 8 அன்று ரஷ்யா, உக்ரைன், பெலாரஸ் தலைவர்கள் காட்டு மாளிகை ஒன்றில் கூடி யூனியன் முடிந்தது என்று கையெழுத்துப் போட்டார்கள். கஜகஸ்தான் 16ஆம் தேதிதான், எல்லோருக்கும் கடைசியாக, சுதந்திரம் அறிவித்தது. வேறு வழியில்லை. 21ஆம் தேதி 11 குடியரசுகள் ஒருவர் எல்லையை ஒருவர் ஏற்றுக்கொண்டது அல்மாட்டியிலேயேதான்.

தத்தார்ஸ்தானோ 1990 ஆகஸ்ட் 30 அன்றே இறையாண்மை அறிவித்துவிட்டது. புதிய யூனியன் ஒப்பந்தத்தில் ரஷ்யா வழியாக அல்ல, நேரடியாகக் கையெழுத்திடுவோம் என்று நின்றது. 1992 மார்ச்சில் மாஸ்கோவின் எதிர்ப்பை மீறி வாக்கெடுப்பு நடத்தியது. 61 சதவீதம் பேர் இறையாண்மைக்கு ஆதரவு. அந்த மாதக் கடைசியில் ரஷ்யக் கூட்டாட்சி ஒப்பந்தத்தில் கையெழுத்திட மறுத்தவை தத்தார்ஸ்தானும் செச்னியாவும்தான். கேட்காதவருக்கு நாடு கிடைத்தது, கேட்டவருக்குக் கிடைக்கவில்லை. செச்னியா இரண்டு போர்களைச் சந்தித்தது. தத்தார்ஸ்தான் பேரம் பேசி 1994இல் மாஸ்கோவுடன் ஓர் ஒப்பந்தம் போட்டுக்கொண்டது.

யுகோஸ்லாவியாவிலும் இதே கணக்குதான். ஆறு குடியரசுகளின் எல்லைகளை ஐரோப்பியர்கள் சர்வதேச எல்லைகளாக ஏற்றார்கள். கொசோவோ செர்பியாவுக்குள் ஒரு மாகாணம், அதனால் அதன் கோரிக்கை எடுபடவில்லை. 1999 போரெல்லாம் முடிந்து 2008இல் அது தன்னைத் தனி நாடாக அறிவித்துக்கொண்டது. இந்தியா இன்றுவரை அதை அங்கீகரிக்கவில்லை.

ஆக, அந்த உரிமை நிஜமா என்றால், பேச்சுக்காக எழுதப்பட்டதுதான். ஆனால் மத்திய அரசு சரிந்தபோது, யார் பிரியலாம் என்பதற்கு உலகம் ஏற்றுக்கொள்ளக்கூடிய பட்டியல் வேறெதுவும் கையில் இல்லை. உஸ்பெகிஸ்தானுக்குள் இருக்கும் கரகல்பாக்ஸ்தானுக்கு இன்றும் அரசியல் சட்டப்படி வாக்கெடுப்பு நடத்திப் பிரியும் உரிமை உண்டு. 2022 ஜூலையில் அதை எடுத்துவிட முயன்றபோது அதன் தலைநகர் நுகுஸில் கலவரம் வெடித்து உயிர்கள் போயின. அரசு பின்வாங்கியது. பயனில்லாத வரி என்று மக்கள் நினைத்திருந்தால் தெருவுக்கு வந்திருக்க மாட்டார்கள்.

கசானில் இன்று நிலைமை வேறு. மாஸ்கோவுடனான ஒப்பந்தம் 2017இல் காலாவதியானது, புதுப்பிக்கவில்லை. அதே ஆண்டு பள்ளிகளில் தத்தார் மொழி கட்டாயப் பாடம் என்பதும் போயிற்று. குடியரசின் தலைவரை ‘ஜனாதிபதி’ என்று அழைக்கக் கூடாது என்று மாஸ்கோ சட்டம் போட்டதால், 2023 முதல் அவர் ‘ரயிஸ்’ (தலைவர்).

அன்புடன்.