ஒரே தேதியில் நடந்த முக்கிய வரலாற்று நிகழ்வுகள் எவை? அவற்றில் உங்களைப் பாதித்த தேதி எது?

நீங்கள் போட்டித் தேர்வுக்குப் படிப்பவராக இருக்க வேண்டும், இல்லையென்றால் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் 'இன்றைய நாள்' வாசிக்க வேண்டிய ஆசிரியராக இருக்க வேண்டும். உங்களுக்கு வேண்டிய பட்டியல் எங்கும் கிடைக்கும். டிசம்பர் 24 என்றால் 1973-ல் பெரியார் மறைந்தார், 1987-ல் எம்.ஜி.ஆர். மறைந்தார். செப்டம்பர் 11 என்றால் 1893-ல் விவேகானந்தர் சிகாகோவில் பேசினார், 2001-ல் நியூயார்க்கின் இரட்டைக் கோபுரங்கள் விழுந்தன. இதையெல்லாம் ஒரு மாலையில் மனப்பாடம் செய்துவிடலாம். பாதித்த தேதி எது என்றும் சேர்த்துக் கேட்டிருக்கிறீர்கள், அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

டிசம்பர் 22. எங்களுக்கு ஊர் ராமேஸ்வரம் தீவிலுள்ள பாம்பன்.

1887-ல் அந்தத் தேதியில் ஈரோட்டில் ராமானுஜன் பிறந்தார். 2012 முதல் அது தேசிய கணித தினம். 1964-ல் அதே தேதி இரவுதான் தனுஷ்கோடியைப் புயல் அடித்தது. ரயில் நிலையம், துறைமுக அலுவலகம், தபால் நிலையம், தேவாலயம், பள்ளிக்கூடம் என்று நடமாட்டமாக இருந்த ஊர். சென்னையிலிருந்து போட் மெயில் ரயிலில் வந்து இறங்கி, அங்கே கப்பல் ஏறி இலங்கையின் தலைமன்னாருக்குப் போவார்கள். விடியும்போது அந்த ஊர் இல்லை. பாம்பனிலிருந்து இரவு 11.55-க்குக் கிளம்பிய பாசஞ்சர் ரயிலும் இல்லை. அதில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களில் யாரும் வீடு திரும்பவில்லை. பிறகு அரசு அந்த இடத்தை மனிதர் வாழத் தகுதியற்றது என்று அறிவித்துவிட்டது.

இப்போது என் கதைக்கு வருகிறேன். மகள் எட்டாம் வகுப்பு படிக்கும்போது பள்ளியில் கணித மன்றம் சார்பில் வினாடி வினா வைத்தார்கள். அரையாண்டுத் தேர்வு முடிந்து விடுமுறை விடப்போகிற நேரம். 'டிசம்பர் 22-ன் சிறப்பு என்ன?' என்று ஒரு கேள்வி. இவள் '1964-ல் புயலில் தனுஷ்கோடி அழிந்த நாள்' என்று எழுதியிருக்கிறாள். அடித்துவிட்டார்கள். அந்த ஒரு மதிப்பெண்ணில் அவள் குழு இரண்டாம் இடத்துக்குப் போனது. பிள்ளை அழுதுகொண்டே வந்தாள். பரிசு போனதற்காக அழவில்லை. 'தப்பு' என்று எல்லார் முன்னாலும் வாசித்திருக்கிறார்கள், அதற்காக அழுதாள்.

மறுநாள் நான் போய்க் கேட்டேன். சண்டைக்குப் போகவில்லை. அந்த ஆசிரியர் உள்மாவட்டத்திலிருந்து மாற்றலாகி வந்தவர், நல்ல மனிதர், பிள்ளைகளை அடிக்கிற ஆளில்லை. அவர் சொன்னது இரண்டு விஷயம். ஒன்று, கணித மன்றப் போட்டி, விடைக்குறிப்பில் கணித தினம் என்றுதான் இருக்கிறது. அதை நான் ஏற்றுக்கொண்டேன். இரண்டாவதாகச் சொன்னதைத்தான் தாங்க முடியவில்லை: "அந்தப் புயல் 23-ம் தேதிம்மா. பாப்பா தேதியையே மாத்தி எழுதியிருக்கு." கைப்பேசியில் எடுத்தும் காட்டினார். ஒரு பக்கத்தில் 22 என்றிருக்கிறது, இன்னொரு பக்கத்தில் 23 என்றிருக்கிறது. அவருக்கு எது கிடைத்ததோ அதைச் சொல்கிறார்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். என் அப்பா தனுஷ்கோடியில் பிறந்தவர். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்: "ரயிலு கெளம்பும்போது இருபத்திரண்டு. அஞ்சு நிமிசத்துல இருபத்திமூணு. வாத்தியாரு எந்த நேரத்தக் கேக்குறாரு?"

அதுதான் விஷயம். நள்ளிரவைத் தாண்டி நடந்த ஒரு சாவுக்குத் தேதி போட முடியாமல் போய்விட்டது. 22-ம் தேதிக்குப் பட்டியல் போடுகிறவர் '23-ல் வரும்' என்று விட்டுவிடுகிறார். 23-ம் தேதிக்குப் போடுகிறவர் அது விவசாயிகள் தினம், சரண் சிங் பிறந்த நாள் என்று எழுதி முடித்துவிடுகிறார். இரண்டு தேதிக்கும் நடுவில் எங்கள் ஊர் விழுந்து கிடக்கிறது.

இதைச் சொன்னால் உடனே சிலர் வருவார்கள், ராமானுஜனை மட்டம் தட்டுகிறாயா என்று. ஒருபோதும் இல்லை. கும்பகோணத்தில் வளர்ந்து, சென்னைத் துறைமுகக் கணக்குப் பிரிவில் மாதம் 30 ரூபாய் சம்பளத்துக்கு எழுத்தராக உட்கார்ந்து, அங்கிருந்து கேம்பிரிட்ஜுக்குப் போன மனிதர். முப்பத்திரண்டு வயதில் போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் பிறந்த நாளைக் கொண்டாடாமல் வேறு யார் நாளைக் கொண்டாடுவது? அவரும் துறைமுகத்தில் வேலை பார்த்தவர், என் தாத்தாவும் துறைமுகத்தில் வேலை பார்த்தவர். ஒரு நாளில் இரண்டு பேருக்கும் இடம் இருக்கிறது என்றுதான் சொல்கிறேன்.

தாத்தா தனுஷ்கோடித் துறையில் கப்பல் பயணிகளுக்கு மூட்டை தூக்கியவர். அன்றைக்கு அப்பத்தாவும் பிள்ளைகளும் ராமேஸ்வரத்தில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக்கு வந்திருந்தார்கள். வாடை பலமாக அடித்ததால் அங்கேயே தங்கிவிட்டார்கள். தாத்தா வேலையை விட்டு வர முடியாது. உடல் கிடைக்கவே இல்லை. ஆண்கடல் (மன்னார் வளைகுடா) பக்கம் போனாரா, பெண்கடல் (பாக் நீரிணை) பக்கம் போனாரா என்றுகூட யாராலும் சொல்ல முடியவில்லை. அன்றிரவு இரண்டு கடலும் ஒன்றாகிவிட்டது என்றுதான் பார்த்தவர்கள் சொன்னார்கள்.

உடல் இல்லை, நேரம் தெரியாது, அதனால் திதியும் தெரியாது. மார்கழித் தேய்பிறை என்பது மட்டும் தெரியும். திதி தெரியாதவர்களுக்கு அமாவாசையில் கொடுக்கலாம் என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். அப்பா சிறு பிள்ளையாக அக்னி தீர்த்தத்தில் இறங்கித் தை அமாவாசைக்குத் தர்ப்பணம் கொடுக்க ஆரம்பித்தார், இன்றுவரை கொடுக்கிறார். தை அமாவாசைக்கும் ஆடி அமாவாசைக்கும் வெளியூரிலிருந்து லட்சக்கணக்கில் வருகிறவர்களோடு நின்று, அதே கடலில்தான் கொடுக்கிறார். அப்பத்தா கடைசிவரை டிசம்பர் என்ற வார்த்தையைச் சொல்லி நான் கேட்டதில்லை. 'அறுபத்திநாலுப் புயலு' என்பார், அவ்வளவுதான்.

அப்படியென்றால் உங்களுக்கு எதற்குத் தேதி, அமாவாசையோடு விட்டுவிடலாமே என்று நீங்கள் கேட்கலாம். நானும் யோசித்தேன். அமாவாசை எங்கள் வீட்டுக்குப் போதும். ஆனால் ஊருக்கு வெளியே இருப்பவன் அமாவாசையை வைத்து எங்களை நினைக்கப் போவதில்லை. பள்ளிக்கூடமும் செய்தித்தாளும் தேதியை வைத்துத்தான் ஓடுகின்றன. பட்டியலில் இல்லாத ஊரை, கார் எடுத்துக்கொண்டு வந்து இடிந்த தேவாலயத்தின் முன்னால் படம் எடுக்கிற இடமாக மட்டுமே பார்க்கிறார்கள். என் பிள்ளை ஒரு கேள்வித்தாளில் அதை எழுதினாள், அது தவறு என்று வாசிக்கப்பட்டது. அதை என்னால் சும்மா விட முடியாது.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். தேதிகள் பொருந்துவதைப் பார்த்து ஜாதகம், எண் ராசி என்று போகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. இருபத்து மூன்று பேர் ஓர் அறையில் இருந்தால், அதில் இரண்டு பேருக்காவது ஒரே பிறந்த நாள் இருக்கிற வாய்ப்பு பாதிக்கு மேல். கணக்கு அப்படித்தான் வருகிறது. உலக வரலாற்றையே 366 கட்டங்களுக்குள் அடைத்தால் ஒவ்வொரு கட்டமும் நிரம்பி வழியத்தான் செய்யும். 2003 டிசம்பர் 26-ல் ஈரானின் பாம் நகரில் பூகம்பம், சரியாக ஒரு வருடம் கழித்து அதே தேதியில் சுனாமி. இதற்குக் காரணம் தேடினால் கிடைக்காது. (சுனாமியில் இலங்கை மறைத்ததால் எங்கள் கரைக்கு நாகப்பட்டினம் அளவுக்கு அடி விழவில்லை. அன்று காலை முழுக்க அப்பா கடலைப் பார்த்தபடியே நின்றார்.)

இன்னொரு வகை இருக்கிறது. மனிதர்கள் வேண்டுமென்றே பொருத்தி வைக்கிற தேதிகள். இரண்டையும் பிரித்துப் படித்தால் உங்களுக்கு நினைவிலும் நிற்கும். அக்டோபர் 2-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 1869-ல் காந்தி பிறந்ததும் 1904-ல் லால் பகதூர் சாஸ்திரி பிறந்ததும் தானாக அமைந்தவை. 1963-ல் காமராஜர் கட்சிப் பணிக்காக முதல்வர் பதவியை விட்டு விலகியது அதே காந்தி ஜெயந்தி அன்று. அடுத்த வருடம் நேரு மறைந்தபோது சாஸ்திரியைப் பிரதமராகக் கொண்டுவந்ததில் பெரிய பங்கு அந்தக் காமராஜருக்குத்தான். 1975-ல் அவர் உயிர் பிரிந்ததும் அக்டோபர் 2. இது யாரும் திட்டமிட்டதில்லை. 1988 அக்டோபர் 2-ல் பாம்பன் சாலைப் பாலத்தை ராஜீவ் காந்தி திறந்துவைத்தது திட்டமிட்டது. அதுவரை தீவுக்கு ரயிலை விட்டால் படகுதான்.

ஜனவரி 26-ம் அப்படித்தான். 1930-ல் காங்கிரஸ் முழு விடுதலை நாளாகக் கடைப்பிடித்த தேதி என்பதற்காகவே, 1949 நவம்பரில் ஏற்கப்பட்ட அரசியலமைப்பை 1950 ஜனவரி 26 வரை காத்திருந்து நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். அதற்கெல்லாம் முன்னால், 1897 ஜனவரி 26-ல், மேல்நாட்டுப் பயணம் முடித்து இலங்கை வழியாக வந்த விவேகானந்தர் இந்தியாவில் காலடி வைத்தது எங்கள் பாம்பனில். ராமநாதபுரம் மன்னர் பாஸ்கர சேதுபதி நேரில் வந்து வரவேற்றார். வண்டியில் பூட்டியிருந்த குதிரைகளை அவிழ்த்துவிட்டு மக்கள் இழுத்தார்கள், மன்னரும் ஒரு கை பிடித்தார். குடியரசு தினக் கொடியேற்றத்தில் எங்கள் பக்கத்துப் பள்ளிகளாவது இதை ஒரு வரி சொல்ல வேண்டும் என்று எனக்கு ஆசை.

கலாம் அய்யா 2015 ஜூலை 27-ல் ஷில்லாங்கில் மறைந்தார். 2017-ல் அதே தேதியில் ராமேஸ்வரம் அருகே பேய்க்கரும்பில் அவர் நினைவிடம் திறக்கப்பட்டது. இதுவும் பொருத்தி வைத்ததுதான், பொருத்தமாகவும் இருந்தது.

அப்புறம் ஏப்ரல் 6. 1930-ல் தண்டியில் காந்தி உப்பு எடுத்தார். 2025-ல் எங்கள் புதிய ரயில் பாலம் திறந்தார்கள். அன்றைக்கு ராம நவமி. திறந்தது மகிழ்ச்சிதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பழைய பாலத்தில் 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தியதிலிருந்து அந்த நாள்வரை நாங்கள் பட்ட பாட்டை யார் எழுதினார்கள்? ரயில்கள் தீவுக்குள் வரவில்லை, பாலத்துக்கு அந்தப் பக்கம் மண்டபம் ரயில் நிலையத்தோடோ அதற்கு முன்னாலேயோ நின்றன. அம்மாவை மதுரைக்கு வைத்தியத்துக்குக் கூட்டிப்போய்விட்டு இரவில் மண்டபத்தில் இறங்கினால், பஸ் நிற்கிற இடம்வரை நடக்க அம்மாவுக்கு முடியாது. ஆட்டோக்காரர் சொல்வதுதான் கட்டணம். ரயில் வருகிற நேரத்துக்கு ஒரு பஸ்ஸை நிறுத்தி வைக்க இரண்டு வருடத்துக்கு மேல் யாருக்கும் தோன்றவில்லை. 1964-ல் அதே பாலத்தின் கர்டர்களை அலை அடித்துக்கொண்டு போனபோது, ஸ்ரீதரன் என்ற பொறியாளர் பொறுப்பேற்று 46 நாளில் சரிசெய்து ரயிலை ஓடவிட்டார். புதுப் பாலம் கட்டுவதும் பழையதைச் செப்பனிடுவதும் ஒன்றல்ல என்று பொறியியல் படித்தவர்கள் விளக்கம் சொல்ல வேண்டாம், அது எனக்கும் தெரியும். நான் கேட்பது ஒரு பஸ்.

பள்ளிக் கதை என்ன ஆனது என்று கேட்பீர்கள். மதிப்பெண் திரும்ப வரவில்லை, நானும் அதைக் கேட்கவில்லை. அடுத்த வருடம் அதே ஆசிரியர் கேள்வியை மாற்றி, 'டிசம்பர் 22-ல் பிறந்த கணித மேதை யார்?' என்று கேட்டாராம். அவரைப் பொறுத்தவரை பிரச்சினை தீர்ந்தது. எனக்குத் தீரவில்லை. 1964-ல் அதே தேதியில் என்ன நடந்தது என்று இரண்டாவது கேள்வி ஒன்றையும் அவர் சேர்த்துக் கேட்டிருக்கலாம்.

நீங்கள் பட்டியல் போடுகிறவராக இருந்தால் 22-ம் தேதிக்குக் கீழேயும் 23-ம் தேதிக்குக் கீழேயும் இந்த வரியை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்: '1964 டிசம்பர் 22 நள்ளிரவு, 23 அதிகாலை: புயலிலும் கடல் பெருக்கிலும் தனுஷ்கோடி அழிந்தது, பாம்பன்–தனுஷ்கோடி பாசஞ்சர் ரயில் பயணிகளோடு கடலில் மூழ்கியது.' இரண்டு இடத்திலும் வந்தால் திரும்பத் திரும்ப வருகிறதே என்று யாராவது சொன்னால், என் பதிலைக் காட்டுங்கள்.