கொட்டை பொறுக்கித் தின்ன ஆசையா? கேள்விகளும் பதில்களும்

காட்டிலும் தெருவோரத்திலும் கிடக்கும் கொட்டைகளைப் பொறுக்கிப் பக்குவம் செய்து சாப்பிடுவது பற்றி வந்த கேள்விகளுக்குப் பதில் எழுதியிருக்கிறேன். விருத்தாசலம் பக்கம் முந்திரிக்காட்டில் வளர்ந்தவள் நான், அதனால் முந்திரி பற்றிய பதில் நீளமாகத்தான் இருக்கும். எதற்கும் முன்னால் ஒன்று: கையில் இருக்கும் கொட்டையை வைத்து என்ன மரம் என்று யூகிக்காதீர்கள். மரத்தை முதலில் தெரிந்துகொள்ளுங்கள், அப்புறம் அதன் அடியில் குனியலாம்.

அக்கா, எங்கள் தெருவில் பாதாம் மரம் இருக்கிறது. கடையில் விற்கிற பாதாம் இதுதானா? உடைத்தால் பருப்பு நசுங்கிப்போகிறது. (சென்னை)

கடை பாதாம் வேறு மரம். உங்கள் தெருவில் இருப்பது நாட்டு வாதுமை. கிளைகள் தட்டுத்தட்டாகப் பரந்திருக்கும், இலை உதிர்வதற்கு முன் சிவக்கும். பருப்பைப் பச்சையாகவே தின்னலாம், நல்ல ருசி.

நசுங்குவதற்குக் காரணம் ஈரம். பழச்சதை போன பிறகு காய்களை நல்ல வெயிலில் காயவிடுங்கள். மேல்நார் வெளுத்து, கையில் எடுத்தால் கனமே இல்லை என்று தோன்ற வேண்டும். அதன் பிறகு காயைப் படுக்கப்போட்டு அடிக்காமல், விளிம்பு மேலே வரும்படி கல்லின் மேல் நிறுத்தி, அந்த விளிம்பின் மேல் சுத்தியலால் தட்டுங்கள். இரண்டாகப் பிளக்கும். உள்ளே மெல்லிய பழுப்புத் தோலோடு ஒல்லியான பருப்பு இருக்கும். தோலை உரித்துப் பார்த்தால் பாயைச் சுருட்டி வைத்த மாதிரி வித்திலைகள் சுருண்டிருப்பது தெரியும். ஒரு கைப்பிடி பருப்புக்கு ஒரு கூடை காய் உடைக்க வேண்டும், அதற்கு மனசு வைத்துக்கொள்ளுங்கள்.

சொத்தையைப் பிரிக்கத் தண்ணீரில் போட்டுப் பார்க்கும் வழக்கம் இதற்கு உதவாது. இந்தக் காய் கடலில் மிதந்து கரை சேர்ந்து முளைக்கிற ஜாதி, நல்லதும் மிதக்கும்.

நாட்டு வாதுமை மரத்தில் ராத்திரி வௌவால் வருகிறது. அது போட்ட கொட்டையை எடுக்கலாமா? (நாகர்கோவில்)

வௌவால் கடித்த பழத்தின் சதையைக் குழந்தைகள் வாயில் வைக்கவே கூடாது. 2018-இல் கோழிக்கோடு, மலப்புரம் பக்கம் வௌவாலிடமிருந்து பரவும் நிபா காய்ச்சல் வந்ததிலிருந்து இதை எல்லோரிடமும் சொல்லி வருகிறேன். பழங்கொட்டை நிறையக் கிடக்கும்போது வௌவால் சப்பிப் போட்டதை விட்டுவிடுங்கள். மற்றதைப் பொறுக்கிய பிறகும் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள்.

தோப்பில் பொறுக்கிய முந்திரிக்கொட்டை இரண்டு கிலோ இருக்கிறது. வீட்டுக் கடாயில் வறுக்கலாமா? (திண்டிவனம்)

வேண்டவே வேண்டாம். முந்திரி ஓட்டின் உள்ளே கறுப்பு எண்ணெய் இருக்கிறது. தோலில் பட்டால் புண்ணாக்கும், சூடேறினால் தீப்பிடிக்கும், அதன் புகை கண்ணையும் தொண்டையையும் பிடுங்கும். கதவடைத்த சமையலறையில் செய்கிற வேலை இல்லை இது.

வெட்டவெளியில் மூன்று கல் கூட்டி, அடியில் ஓட்டை போட்ட பழைய தகரத்தை வையுங்கள். காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து வீச வேண்டும். கொட்டைகளைக் கொஞ்சமாகப் போட்டு நீளமான கழியால் கிளறிக்கொண்டே இருங்கள். முதலில் ஓடு வியர்க்கும், பிறகு எண்ணெய் சொட்டிக் குபுகுபுவென்று எரியும். பயப்பட வேண்டாம், அது எரிந்தால்தான் ஓடு நொறுங்கும். ஆனால் அங்கேதான் கவனம் வேண்டும்: ஓடு கருகியவுடன் தகரத்தை மண்ணில் கவிழ்த்து, மேலே மணலை அள்ளிப் போட்டு நெருப்பை அணைத்துவிட வேண்டும். விட்டால் பருப்பும் கரியாகும். தண்ணீர் ஊற்றாதீர்கள், எரிகிற எண்ணெய் தெறிக்கும்.

ஆறிய பிறகு கையில் சாம்பலைப் பூசிக்கொண்டு, கொட்டையின் வளைந்த முதுகில் கட்டையால் ஒரே தட்டு. பல்லால் கடித்து உடைக்காதீர்கள். எங்கள் பக்கம் உதடு வெந்த பிள்ளைகளை எல்லாக் கோடையிலும் பார்க்கலாம்.

பச்சை முந்திரிப்பருப்பு எடுத்துக் குழம்பு வைப்பார்களே, அது எப்படி? (கடலூர்)

காய் நல்ல பச்சையாக, ஓடு இறுகுவதற்கு முன் பறிக்க வேண்டும். கையில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு, கத்தியால் நீளவாக்கில் பிளந்து குச்சியால் பருப்பை நெம்பி எடுங்கள். வெந்நீரில் போட்டால் தோல் வழுக்கிக்கொண்டு வரும். நன்றாகக் கழுவி வேகவைத்த பிறகுதான் சாப்பிட வேண்டும். என்னைக் கேட்டால் வறுத்த முந்திரியை விட இதுதான் உசத்தி.

சேராங்கொட்டைப் பருப்பையும் மலையில் சுட்டுத் தின்பார்கள் என்கிறார்களே? (சேலம்)

தின்பவர்கள் உண்டு. நீங்கள் முயல வேண்டாம். முந்திரி, மா, சேராங்கொட்டை மூன்றும் ஒரே குடும்பம், அதில் சேராங்கொட்டையின் பால் துணிக்கு அழியாத குறி போடும் அளவுக்குக் காரமானது. சித்த மருத்துவத்திலும் அதைச் சுத்தி செய்து, அதாவது நஞ்சை முறித்துத்தான் தொடுவார்கள். மாம்பாலோ முந்திரி எண்ணெயோ பட்டு ஏற்கெனவே கொப்புளம் வந்தவர்கள் மரத்துக்குப் பக்கத்திலேயே போக வேண்டாம்.

வேலியோரம் கறுப்பாக ஒரு கொட்டை. பையன் உடைத்து ஒன்று தின்றான், இனிப்பாக இருக்கிறது என்கிறான். (மணப்பாறை)

இதைப் படித்த கையோடு ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள், மீதிக் கொட்டையையும் எடுத்துப் போங்கள். வேலியில் நிற்பது பெரும்பாலும் காட்டாமணக்கு. ருசி நன்றாக இருப்பதுதான் அதன் ஆபத்து. வாந்தியும் பேதியுமாக உடம்பில் நீர் வற்றிவிடும். வீட்டு வைத்தியம் வேண்டாம். மற்றவர்களுக்கும் சொல்கிறேன்: அதை வறுத்தாலும் எல்லா நஞ்சும் போகாது.

பனம்பழம் தின்றுவிட்டுப் போட்ட கொட்டையில் தவுண் எப்போது கிடைக்கும்? (தூத்துக்குடி)

கொட்டைகளைக் குவித்து மண் போட்டு மூடி முளைக்க விடுங்கள். முளை கீழே இறங்கி, கிழங்கு இன்னும் முற்றாத சமயத்தில் ஒன்றைத் தோண்டி அரிவாளால் பிளந்து பாருங்கள். உள்ளே வெள்ளையாக, பஞ்சுபோல, இனிப்பாக உருண்டு திரண்டிருந்தால் அதுதான் தவுண். யாழ்ப்பாணத்தில் பூரான் என்பார்கள். பொங்கலுக்குக் கிழங்கு வேண்டுமென்றால் எல்லாவற்றையும் வெட்டிவிடாதீர்கள்.

புளியங்கொட்டை? (தருமபுரி)

மணலில் போட்டு வறுங்கள். தோல் வெடித்ததும் இடித்து நீக்கிவிட்டு, பருப்பை ராத்திரி முழுக்க ஊறவைத்து உப்புப் போட்டு வேகவையுங்கள். தோலோடு தின்றால் வயிறு கட்டும்.

இங்கே ஈந்தங்காய் கிடைக்கிறது. நாங்களே மாவு செய்யலாமா? (கூடலூர்)

ஈந்து என்பது ஈச்சை இல்லை, சைகஸ் ஜாதி மரம். மலபாரில் அதன் காய் மாவில் பிடி என்ற சின்னக் கொழுக்கட்டை செய்வார்கள், உண்மை. ஆனால் பச்சைக் காயில் ஈரலைக் கெடுக்கும் நஞ்சு இருக்கிறது. வெட்டிக் காயவைத்து, தண்ணீரை மாற்றி மாற்றிப் பல நாள் ஊறவைத்துத்தான் அதை இறக்குகிறார்கள். இதை எழுத்தில் படித்துச் செய்யக்கூடாது. தலைமுறையாகச் செய்கிற வீட்டில் கூட இருந்து கற்றுக்கொள்ளுங்கள்.

கொல்லிமலைக்குப் போனால் சாரப்பருப்பு பொறுக்கலாமா? (நாமக்கல்)

காப்புக்காட்டுக்குள் கூடாது, குற்றம். 2006 வன உரிமைச் சட்டம் அங்கேயே வாழும் மக்களுக்குத்தான் சிறு வனப்பொருள் சேகரிக்கும் உரிமையைத் தருகிறது. சந்தையில் அவர்களிடமே விலை கொடுத்து வாங்குங்கள், பேரம் பேசாமல்.

உடைத்த பருப்பில் லேசாகப் பூசணம். வறுத்தால் சரியாகுமா? (தஞ்சாவூர்)

ஆகாது. அந்தப் பூசணம் விடுகிற நஞ்சு அடுப்புச் சூட்டுக்கு மசியாது. கொட்டிவிடுங்கள். அடுத்த முறை ஓட்டோடு காயவைத்து மூடி வைத்து, வேண்டும்போது மட்டும் உடையுங்கள்.