கூட்டுப் பணம்: ஒரு கடிதம்

வணக்கம் அக்கா,

எனக்கு 27 வயது. செத்தாபாக்கில் அம்மாவோடு இருக்கிறேன். கைக்கு 3,100 ரிங்கிட் வருகிறது. 50-30-20 கணக்கு (பாதி தேவைக்கு, 30 ஆசைக்கு, 20 சேமிப்புக்கு) நமக்கு ஒத்துவருமா? கிரெடிட் கார்டில் 4,000 பாக்கி, மினிமம் மட்டும் கட்டுகிறேன். அம்மா பத்துப் பேர் சேர்ந்த கூட்டில் மாதம் 300 ரிங்கிட் கட்டுகிறார்; மாதாமாதம் சேரும் மொத்தப் பணத்தையும் முறை வைத்து ஒருவர் எடுத்துக்கொள்வார். என்னையும் சேரச் சொல்கிறார். இ.பி.எப். சேமநிதி 2024-க்கு 6.30 விழுக்காடு கொடுத்தது, கூட்டில் ஒரு காசு வட்டி இல்லை என்றால் கேட்பதில்லை. என் முதல் செமஸ்டர் கட்டணமே கூட்டில் எடுத்துக் கட்டியதுதான் என்று பழைய கதை பேசுகிறார். எப்படிப் புரியவைப்பது?

தம்பி,

50-30-20 எல்லாம் மாதக் கடைசியில் மிச்சம் பார்ப்பவர்களுக்கு. விடுங்கள்.

'பழைய கதை' என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேயே நின்றுவிட்டேன். சம்பளச் சீட்டு கேட்காமல், ஜாமீன் கேட்காமல் உங்கள் படிப்புக்கு 3,000 வெள்ளி (ரிங்கிட்) வேறு யார் கொடுத்திருப்பார்கள்? அதற்கு வட்டி போட்டிருந்தால் அன்றைக்கு யார் கட்டியிருப்பது? அதுவும் வட்டியைப் பற்றி நீங்கள் பேசுகிறீர்கள்! கார்டு வட்டி ஆண்டுக்கு 18 விழுக்காடு வரை போகும். 4,000-க்கு மாதம் 60 வெள்ளி. மினிமம் 5 விழுக்காடு என்றால் நீங்கள் கட்டுவது 200; அதில் கடனைத் தொடுவது 140தான். அம்மாவுக்குப் பாடம் எடுக்கும் முன் அதை அடைத்துவிட்டு வாருங்கள்.

ஆனாலும் கூட்டில் சேருங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

செந்தூல் ரயில்வே குவார்ட்டர்ஸில் என் அம்மா கூட்டுத் தலைவி. பன்னிரண்டு பேர், ஆளுக்கு நூறு வெள்ளி. கணக்கெல்லாம் '555' என்கிற சின்னக் கணக்கு நோட்டில். முதல் மாதப் பணம் தலைவிக்கு என்பது வழக்கம். அந்தச் சலுகைக்கு விலை என்னவென்று எங்கள் வீட்டில் யாரும் யோசித்ததில்லை. மூன்றாம் மாதம் எடுத்த பெண் குடும்பத்தோடு ஜொகூர் பக்கம் போய்விட்டாள். மிச்சம் ஒன்பது மாதம், 900 வெள்ளி. மற்றவர்களுக்கு அம்மாதான் பொறுப்பு. போலீசுக்குப் போக முடியுமா? கூட்டு நடத்துவதையே 1971-இல் சட்டம் போட்டுத் தடுத்துவிட்டார்கள். அந்தச் சட்டத்தின் பெயரிலேயே நம் 'கூட்டு' இருக்கிறது. சட்டப் புத்தகத்தில் தமிழ் ஏறிய லட்சணம் அது.

அம்மாவின் காப்பு இரண்டும் அடகுக்கடைக்குப் போயின. மாதம் 2 விழுக்காடு, ஆறு மாதத் தவணை. அப்பாவிடம் சொல்லவில்லை. தவணை முடியும்போதெல்லாம் வட்டியை மட்டும் கட்டித் தள்ளிப்போட்டார், நீங்கள் மினிமம் கட்டுகிற மாதிரியே. அந்தத் தீபாவளிக்கு அவர் நீளக்கை ரவிக்கை போட்டிருந்தார். கோலாலம்பூர் வெயிலில் எதற்கு என்று நான் கேலிகூடச் செய்தேன்.

அதனால்தான் கேட்கிறேன்: உங்கள் அம்மா கூட்டுத் தலைவியா, சும்மா கட்டுகிறவரா? இவ்வளவு கணக்கு எழுதினீர்கள், இதை எழுதவில்லை. கட்டுகிறவர் என்றால், பணத்தை எடுக்கும்வரை போட்ட அளவுக்குத்தான் ஆபத்து. தலைவி என்றால் ஒன்பது வீட்டுக் கஷ்டமும் உங்கள் வீட்டு வாசலில் வந்து நிற்கும். இதுவரை எடுத்தவர்கள் யார், எடுத்த பிறகும் ஒழுங்காகக் கட்டுகிறார்களா, யாருக்காவது அம்மா கைக்காசைப் போட்டு நிரப்பிக்கொண்டிருக்கிறாரா? உங்களைச் சேரச் சொல்வதே அப்படி ஓர் ஓட்டையை அடைக்கத்தானோ என்று எனக்கு ஒரு சந்தேகம். இந்தச் சுற்று முடிந்ததும் நிறுத்தச் சொல்லலாம். நடுவில் நிறுத்தினால் பாக்கிப் பேருக்கு அவர் முகம் கொடுக்க முடியாது.

இ.பி.எப். பேச்சை எடுக்காதீர்கள். இன்று இரவு ஒரு மைலோ கலக்கிக் கொடுத்துவிட்டு அம்மாவின் கூட்டு நோட்டைக் கேளுங்கள். முதல் தடவை தரமாட்டார்.