ததேவுக்கு ஒரே நாளில் போய்வர முடியுமா?

கேள்வி: செப்டம்பரில் அர்மேனியா போகிறோம். யெரெவானிலிருந்து காலையில் கிளம்பி, சியூனிக் மாகாணத்தில் இருக்கும் ததேவ் மடாலயத்தைப் பார்த்துவிட்டு இரவே திரும்பிவிடலாமா? எல்லைப் பகுதி என்பதால் கொஞ்சம் பயமும் இருக்கிறது.

பதில்: முடியும். ஆனால் வேண்டாம் என்றுதான் சொல்வேன். யெரெவானிலிருந்து ததேவுக்குப் பக்கத்து நகரமான கோரிஸ் வரைக்குமே சுமார் 240 கிலோமீட்டர். நடுவில் 2,344 மீட்டர் உயரத்தில் வொரோத்தான் கணவாய். ஈரானுக்குப் போகும் லாரிகளும் இதே மலைச்சாலையில்தான் வரும். நாள் முழுக்க வண்டியிலேயே போய்விடும். கோரிஸில் இரண்டு இரவு தங்குங்கள்.

முதல் நாளை முழுசாக ததேவுக்குக் கொடுங்கள். ஹாலிட்சோர் கிராமத்திலிருந்து ரோப் கார் இருக்கிறது; 2010இல் திறந்தது, நீளம் 5,752 மீட்டர். வொரோத்தான் பள்ளத்தாக்கைத் தாண்ட பன்னிரண்டு நிமிடம்தான். பலர் இந்தப் பயணத்தை ரசித்துவிட்டு மடாலயத்தை அரை மணியில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதுதான் வருத்தம். பெரிய தேவாலயம் 895 முதல் 906 வரை கட்டியது. முற்றத்தில் நிற்கும் கவஸான் என்ற எட்டுப் பட்டைத் தூண், நிலம் அதிர்ந்தால் ஆடும்படி பத்தாம் நூற்றாண்டிலேயே அமைத்தது. 14, 15ஆம் நூற்றாண்டுகளில் இங்கே ஒரு பல்கலைக்கழகமே நடந்தது. இறையியலோடு சுவடி ஓவியமும் கற்பித்தார்கள். அங்கே ஆசிரியராக இருந்த கிரிகோர் ததேவாத்சியின் கல்லறையும் உள்ளேதான் இருக்கிறது, தவறவிடாதீர்கள். 1931 நிலநடுக்கத்தில் இடிந்த பகுதிகளைப் பிறகு எடுத்துக் கட்டினார்கள்.

மறுநாள் ஹின்ட்சோரெஸ்க். 1950கள் வரை மக்கள் குடியிருந்த குகை ஊர். 160 மீட்டர் தொங்குபாலத்தைக் கடந்துதான் போக வேண்டும். படிகள் அதிகம், முழங்கால் வலி உள்ளவர்கள் மேலிருந்தே பார்க்கலாம்.

சரி, எல்லை விஷயம். சியூனிக்கின் கிழக்கிலும் மேற்கிலும் அஜர்பைஜான் (மேற்கே இருப்பது அதன் நக்சிவான் பகுதி), தெற்கே அராஸ் ஆற்றுக்கு அப்பால் ஈரான். 2021இல் பழைய கோரிஸ்–கபான் சாலையின் ஒரு பகுதி அஜர்பைஜான் கட்டுப்பாட்டுக்குப் போய்விட்டது. இப்போது தெற்கே போகும் வண்டிகள் ததேவ் வழியாகச் சுற்றிப் போகின்றன. அதனால் கபானுக்கோ மெக்ரிக்கோ போவதாக இருந்தால் பழைய வரைபடத்தை நம்பாதீர்கள், உள்ளூர் ஓட்டுநரை வைத்துக்கொள்ளுங்கள். காவல்சாவடிகளைப் படம் எடுக்க வேண்டாம். கிளம்பும் வாரத்தில் நம் வெளியுறவு அமைச்சகத்தின் அறிவுரையையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.